ஊராட்சித் தலைவருக்கு நிற்கும் தம்பிக்கு வேதாகமம் என்ன சொல்கிறது?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் வைத்துவிடுகிறேன். உங்கள் சபையைச் சேர்ந்த தம்பி ஒருவர் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கப் போகிறார். ஒரு மூப்பர், "அரசியல் சாக்கடை, விசுவாசிக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார். இன்னொருவர், "நம்ம ஓட்டு மொத்தமா விழுந்தா ஜெயிச்சிடலாம், ஞாயிறு ஆராதனையில அறிவிச்சிருவோம்" என்கிறார். இவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, வேதாகமக் கொள்கைகளை அரசியலிலும் பொதுப்பணியிலும் நடைமுறையில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று கேட்கிறீர்கள்.

இரண்டாம் மூப்பரின் யோசனையை முதலில் முடித்துவிடலாம். கோயிலோ மசூதியோ தேவாலயமோ, அதன் வளாகத்தை அரசியல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1988ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. மீறினால் நிர்வாகிகளுக்குச் சிறைத் தண்டனை வரை உண்டு. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவும் சேர்ந்துகொள்ளும்: மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டது நிரூபணமானால் பெற்ற வெற்றியே செல்லாது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, 4க்கு 3 என்ற கணக்கில், இதை இன்னும் இறுக்கியது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தப்புதான் என்பது அந்தத் தீர்ப்பு. ஆகவே ஆராதனை அறிவிப்பு என்ற பேச்சே வேண்டாம். போதகர் ஐயரை வீணாக வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

முதல் மூப்பருக்கு வேதாகமத்திலேயே பதில் இருக்கிறது. யோசேப்பு பார்வோனிடம் வேலை பார்த்தார். நெகேமியா பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரர், பிறகு அவர் நியமித்த அதிபதி. தானியேல் உத்தியோகம் பார்த்தது எருசலேமை இடித்துத் தரைமட்டமாக்கிய அதே அரசாங்கத்தில். அதைவிடப் பெரிய சாக்கடை எது? சிறைபிடிக்கப்பட்டுப் பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதமும் இதைத்தான் சொல்கிறது. அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்" என்கிறார் (எரேமியா 29:7). பட்டணம் நம்முடையதாக மாறிய பிறகு தேடுங்கள் என்று அவர் சொல்லவில்லை.

சரி, இனி உங்கள் உண்மையான கேள்வி. எப்படி?

வசனம் எந்தப் பக்கத்துக்கும் கிடைக்கும் என்பதை ஒப்புக்கொண்டுதான் இதைத் தொடங்க வேண்டும். பிரிட்டிஷ் அடிமை வியாபார ஒழிப்பை எடுத்துக்கொள்கிறேன். வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அரசாங்கத்தையே திருப்பிய சம்பவம் அது. அதே வேதாகமத்தை வைத்துத்தான் எதிர்த்தரப்பும் பேசியது.

1788இல் லிவர்பூலில் குடியேறியிருந்த ஸ்பானியக் குருவானவர் ஒருவர், அடிமை வியாபாரம் வேதத்துக்கு இசைவானதே என்று ஒரு சிறு நூல் எழுதினார். ஆபிரகாமுக்கு அடிமைகள் இருந்தார்கள், லேவியராகமம் அனுமதிக்கிறது, பவுல் அடிமையான ஒநேசிமுவை எஜமானிடமே திருப்பி அனுப்பினார் என்று வரிசையாக வசனங்கள். லிவர்பூல் மாநகராட்சி அவருக்கு 100 பவுண்டு அன்பளிப்புக் கொடுத்தது. அந்த ஊர்த் துறைமுகம்தான் அன்று அடிமைக் கப்பல்களின் தலைநகரம் என்பதைச் சேர்த்துப் படித்தால், வசனத்துக்கு விலை போட்டது யார் என்பது விளங்கும். 1807இல் கரீபியத் தீவுகளின் அடிமைகளுக்காக லண்டனில் ஒரு சுருக்க வேதாகமம் அச்சானது. அதில் இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு வெளியேறும் பகுதி இல்லை. வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்பது மட்டும் பத்திரமாக இருந்தது.

அப்படியானால் எந்தப் பயன்பாடு சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பார்த்தவரையில் ஒரு கேள்வி போதும்: இந்த வசனத்தைச் சொல்வதால் நஷ்டம் யாருக்கு? சொல்கிறவனுக்கே முதல் நஷ்டம் வருகிறது என்றால் அவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கலாம். நஷ்டம் எல்லாம் கேட்கிறவனுக்கு, லாபம் மட்டும் சொல்கிறவனுக்கு என்றால் வசனம் எவ்வளவு சரியாக ஒப்பித்திருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

அடிமை வியாபாரத்தை ஒழிக்க பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் பெயரை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருப்பீர்கள். அங்கே சொல்லாமல் விட்டுவிடும் இடத்திலிருந்து வருகிறேன். 1780இல், 21 வயதில், ஹல் தொகுதியில் அவர் முதன்முதலாக ஜெயித்தது காசை இறைத்துத்தான். 8,000 பவுண்டுக்கு மேல் செலவு. அன்றைக்கு அது பெரிய சொத்து. ஓட்டுக்கு இவ்வளவு என்பது அந்த ஊர் வழக்கம். வியாபாரி வீட்டுப் பிள்ளை, கொடுத்தார், ஜெயித்தார். நம் ஊரில் ஓட்டுக்குக் கொடுக்கும் பணக் கவரைப் பார்த்து 'கலிகாலம்' என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

1785இல் மனம் திரும்பியபோது அரசியலையே விட்டுவிடலாமா என்று அவர் யோசித்தார். உங்கள் முதல் மூப்பர் அங்கே இருந்திருந்தால் 'விட்டுவிடு' என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஆலோசனை கேட்கப் போன இடம் ஜான் நியூட்டன். அடிமைக் கப்பலில் கேப்டனாக இருந்து, பிறகு போதகரானவர். அவர், இருக்கிற இடத்திலேயே இரு என்று சொல்லி அனுப்பினார்.

இந்தப் போராட்டத்தை வில்பர்ஃபோர்ஸ் தொடங்கவில்லை என்பதும் முக்கியம். 1787 மே மாதம் லண்டனில் அடிமை வியாபாரத்துக்கு எதிரான குழுவை அமைத்தவர்கள் 12 பேர். அதில் 9 பேர் குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினர். அவர்களால் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது, அன்றைய சட்டம் அப்படி. உள்ளே பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்புறம் தாமஸ் கிளார்க்சன்: குதிரையில் ஊர் ஊராகப் போய், துறைமுகங்களில் மாலுமிகளைப் பிடித்து விசாரித்து, விலங்குகளையும் கட்டைவிரலை நசுக்கும் திருகுகளையும் கடையில் விலைக்கு வாங்கிவந்து சாட்சியாக வைத்தவர். 'புரூக்ஸ்' என்ற கப்பலின் அடித்தளத்தில் மனிதர்களை எப்படி அடுக்கினார்கள் என்று படம் போட்டு அச்சடித்தார்கள். படத்தில் 482 உருவங்கள், தோளோடு தோள் இடைவெளியில்லாமல். அதே கப்பல் அதற்கு முந்தைய பயணம் ஒன்றில் 609 பேரை ஏற்றியிருந்தது. அந்தப் படத்தில் ஒரு வசனம்கூட இல்லை. தேவசாயலாகப் படைக்கப்பட்ட மனிதன் என்ற ஆதியாகமத்துப் போதனையை அதைவிட அழுத்தமாகச் சொன்ன பிரசங்கம் அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

1789 மே 12 அன்று காமன்ஸ் சபையில் வில்பர்ஃபோர்ஸ் மூன்றரை மணிநேரம் பேசினார். லிவர்பூல் வியாபாரிகளை வெளுத்து வாங்குவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ, நான் யாரையும் குற்றம் சாட்ட வரவில்லை, இந்த நாடாளுமன்றத்தோடு சேர்த்து என்மேலும் இந்த வெட்கத்தை எடுத்துக்கொள்கிறேன், நாம் எல்லாரும் குற்றவாளிகள் என்று ஆரம்பித்தார். நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு இந்தத் தொனி பழக்கமானது. பஞ்சத்தில் வயலை அடமானம் வைத்து, பிள்ளைகளை அடிமையாக விட்ட ஏழைகள் முறையிடும்போது, நெகேமியா பிரபுக்களைக் கடிந்துகொள்கிறார். ஆனால் வட்டியை விட்டுவிடுவோம் என்று சொல்லும்போது தன்னையும் தன் சகோதரர்களையும் சேர்த்தே பேசுகிறார்.

பேசியதும் ஜெயித்துவிடவில்லை. 1791இல் ஒழிப்புத் தீர்மானம் 163க்கு 88 என்று தோற்றது. 1792இல் நாடெங்கும் இருந்து 519 மனுக்கள் குவிந்தன. அமைச்சர் ஹென்றி டன்டாஸ் 'படிப்படியாக' என்ற ஒரு சொல்லைத் தீர்மானத்தில் நுழைத்து அதை நீர்த்துப்போக வைத்தார். 1796இல் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். 74க்கு 70, நான்கே ஓட்டில் தோல்வி. அன்றிரவு லண்டனில் புதிதாக ஒரு நகைச்சுவை இசை நாடகம். ஆதரவாளர்களில் சிலர் அதற்குப் போய்விட்டார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் வந்திருந்தாலே போதும், ஜெயித்திருப்போம் என்று அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கெட்டவர்களால் தோற்றதைவிட நல்லவர்கள் டிக்கெட் வாங்கிவிட்டதால் தோற்றது எனக்கு அதிகம் உறைக்கிறது. நம் கிராம சபைகளிலும் கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லாமல் போவது இப்படித்தான்.

திருப்பம் வந்தது 1806இல், ஒரு வக்கீலின் மூளையிலிருந்து. கடல் சட்டம் கரைத்துக் குடித்த ஜேம்ஸ் ஸ்டீபன், வில்பர்ஃபோர்ஸின் மைத்துனர். பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிரெஞ்சுக் காலனிகளுக்கும் பிற நாட்டுக் காலனிகளுக்கும் பிரிட்டிஷார் அடிமைகளை ஏற்றிப்போகக் கூடாது என்று ஒரு மசோதா எழுதினார். பார்ப்பதற்கு தேசபக்தி மசோதா. உள்ளே அது வியாபாரத்தின் பெரும்பகுதியை வெட்டிவிட்டது. சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக வில்பர்ஃபோர்ஸ் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் இருந்தார். இருபது வருடம் முகமாக இருந்தவர், பெயர் வேண்டாம் வேலை நடந்தால் போதும் என்று பின்வரிசையில் உட்கார்ந்தார். சர்ப்பங்களைப் போல வினாவுள்ளவர்களாகவும் புறாக்களைப் போலக் கபடற்றவர்களாகவும் இருங்கள் என்ற வசனத்தில் முதல் பாதியை நம் ஆட்கள் மறந்தேவிடுகிறார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் முழு ஒழிப்பு மசோதா காமன்ஸ் சபையில் இரண்டாம் வாசிப்பை 283க்கு 16 என்று தாண்டியது, மார்ச்சில் சட்டமானது.

இந்தக் கூட்டத்தார் பெரும்பாலும் லண்டனுக்குப் பக்கத்தில் கிளாப்பம் என்ற இடத்தில் அக்கம்பக்கமாகக் குடியிருந்தார்கள். வங்கி நடத்திய ஹென்றி தார்ன்டன், கல்யாணத்துக்கு முன்பு வருமானத்தில் ஏழில் ஆறு பங்கைத் தர்மம் செய்தவர். ஜமைக்கா தோட்டத்தில் கண்காணியாக இருந்து, கண்ணால் கண்டதைத் தாங்க முடியாமல் திரும்பிய ஸக்காரி மெக்காலே, புள்ளிவிவரங்களை நுனிவிரலில் வைத்திருந்தவர். ஜெபக்கூட்டம் முடிந்ததும் இவர்கள் அரசாங்க அறிக்கைகளைப் பிரித்து உட்கார்ந்து படித்தார்கள். ஜெபம் பண்ணிவிட்டு அறிக்கையைப் படிக்காதவனும், அறிக்கையைப் படித்துவிட்டு ஜெபம் பண்ணாதவனும் அந்த வட்டத்தில் அதிகநாள் தாக்குப்பிடித்திருக்க மாட்டான்.

ஆனால் கதையை இங்கே நிறுத்தினால் அது ஓய்வுநாள் பள்ளிக் கதையாகிவிடும். அதே வில்பர்ஃபோர்ஸ், இங்கிலாந்தின் தொழிலாளர்கள் கூலி உயர்வுக்காகச் சங்கம் சேர்வதைத் தடை செய்த 1799ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். கூட்டம் கூடும் உரிமையை நசுக்கிய 1795ஆம் ஆண்டுச் சட்டங்களுக்கும் ஆதரவு. அடிமை ஒழிப்புக்காகப் பெண்கள் வீடுவீடாகப் போய்ச் சங்கம் அமைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. 'படிப்படியாக' வேண்டாம், 'உடனே' ஒழியுங்கள் என்று 1824இல் துணிந்து எழுதியவர் எலிசபெத் ஹெய்ரிக் என்ற பெண்மணி. 1813இல் இந்தியாவுக்குள் மிஷனரிகளை அனுமதிக்க வேண்டும் என்று வாதாடியபோது, இந்து தெய்வங்களைப் பற்றி அவர் பேசிய பேச்சை இன்று எந்தக் கிறிஸ்தவரும் பொதுமேடையில் திருப்பிச் சொல்லக் கூடாது, சொல்லவும் தகாது. என் அளவுகோலை வைத்தே பாருங்கள்: கரீபிய அடிமைக்காகத் தன் பேர், ஆரோக்கியம், பதவி உயர்வு எல்லாவற்றையும் இழக்கத் தயாராக இருந்தவர், தன் சொந்த வகுப்பாருக்குச் செலவு வைக்கும் இடத்தில் பின்வாங்கிவிட்டார்.

சபையின் கதை இன்னும் மோசம். பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் என்ற கரும்புத் தோட்டம், 1710இலிருந்து எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்தின் சொத்து. அங்கே ஒரு காலத்தில் அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்று சூடு போட்டார்கள். திருநெல்வேலிக்காரர்களுக்கு எஸ்.பி.ஜி. என்றால் விளக்கம் தேவையில்லை. நாசரேத்தில் மிஷனரிகள் ஊழியம் செய்ததும், இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் இருந்ததும் அதே சங்கத்தின் கீழ்தான். சுவிசேஷத்தைப் பரப்பப் பணம் வேண்டும், பணம் தோட்டத்திலிருந்து வரும், தோட்டத்துக்கு அடிமைகள் வேண்டும். ஒவ்வொரு படியும் நியாயமாகத்தான் தெரிந்திருக்கும்.

1833இல் அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் வந்தது. காமன்ஸ் சபையில் மசோதா நிறைவேறிய மூன்றாம் நாள் வில்பர்ஃபோர்ஸ் இறந்தார். அந்தச் சட்டப்படி நஷ்டஈடு 2 கோடி பவுண்டு, அரசின் ஆண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். கொடுத்தது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அடிமைகளுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அதற்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசு அடைத்து முடித்தது 2015இல்.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள இடம் அந்தச் சட்டத்தின் கடைசியில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினாவுக்கும் சட்டம் பொருந்தாது என்று ஒரு பிரிவு. வில்பர்ஃபோர்ஸ் 1825இலேயே ஓய்வு பெற்றுவிட்டதால் பழியை அவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. விளைவு என்னவென்றால், தஞ்சாவூர் வயல்களில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட பள்ளர், பறையர் குடும்பங்களுக்கு 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வரும்வரை எதுவும் மாறவில்லை; வந்த பிறகும் காகிதத்தில்தான் மாறியது. திருவிதாங்கூரில் மிஷனரிகள் 1847இல் மகாராஜாவுக்கு மனுக் கொடுத்து, 1855இல்தான் முழு ஒழிப்பு அறிவிக்கப்பட்டது. அதற்குள், விடுதலையான அடிமைகளின் இடத்தில் மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு 1834இலிருந்தே ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் நம் தமிழர்கள் எத்தனையோ பேர்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் தம்பிக்கு யாராவது 'வேதாகம அரசியல்' என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். பிரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது, நம் சபைகளில்தான் அதைப் பேசுவதில்லை. சேலத்தில் 1876இல் பிறந்த கே.டி.பால், 1930-31 வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகப் போனவர். கிறிஸ்தவர்களுக்கென்று தனித்தொகுதி (கிறிஸ்தவர்கள் மட்டும் ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் முறை) வேண்டாம் என்பது அவர் நிலை. பிஷப் அசரியாவும் அதே கட்சி. இன்னொரு தமிழ்க் கிறிஸ்தவரான ஏ.டி.பன்னீர்செல்வம், சிறுபான்மையினர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, தனித்தொகுதி வேண்டும் என்று நின்றார். பன்னீர்செல்வத்தின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறு கூட்டத்தின் குரல் பெரிய கூட்டத்தில் அமுங்கிப்போகும் என்பது கற்பனை இல்லை. ஆனாலும் 1949 மே மாதம், அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவரான வங்காளக் கிறிஸ்தவர் ஹெச்.சி.முகர்ஜி, மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டுத் தொகுதிகளைக் கைவிடும் தீர்மானத்தை ஆலோசனைக் குழுவில் தாமே முன்மொழிந்தார். கையில் இருந்ததை விட்டுக்கொடுத்தார். சரியா தவறா என்று இன்றைக்கும் வாதாடலாம். முதல் நஷ்டம் தன் பக்கம் என்ற அளவில் அது என் அளவுகோலில் தேறுகிறது.

இனி ஊராட்சிக்கு வருவோம். கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் தமிழ்நாட்டில் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. கட்சிக் கொறடா கிடையாது, கட்சி சொன்னது என்று சாக்குச் சொல்லவும் முடியாது. அதனால்தான் அங்கே ஆளின் குணம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர் வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்றார். போர்ச்சேவகருக்கு, பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், சம்பளமே போதுமென்று இருங்கள் என்றார் (லூக்கா 3:13, 14). அரசு ஊழியத்துக்கு வேதாகமத்தில் இதைவிட நேரான வசனம் இல்லை. ஆலய மேடையில் இதைப் பிரசங்கித்துக் கேட்பது அபூர்வம். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஊராட்சியில் இது எங்கே வந்து நிற்கும் தெரியுமா? எம்-புக் எழுதும் இடத்தில். சிமென்ட் சாலை இத்தனை மீட்டர், இத்தனை கனம் என்று அளந்து அந்தப் புத்தகத்தில் பதிந்தால்தான் பில் பாஸ் ஆகும். சாலையின் கனம் குறைந்தாலும் புத்தகத்தில் குறையாது. அந்த வித்தியாசம்தான் கமிஷனாகப் பிரிகிறது. தலைவர் பங்கு என்று தனியாக யாரும் கேட்கத் தேவையில்லை, வழக்கப்படி தானாக வரும். உங்கள் தம்பி அதை வாங்கி ஆலயக் கட்டட நிதிக்குப் போட்டாலும் அது அதேதான். காட்ரிங்டன் தோட்டத்துச் சர்க்கரையும் சுவிசேஷத்துக்குத்தான் போனது.

நெகேமியா பன்னிரண்டு வருடம் அதிபதியாக இருந்து, அதிபதிக்குச் சட்டப்படி உரிய படியைக்கூட வாங்கவில்லை. தினமும் 150 பேருக்குத் தன் பந்தியில் சாப்பாடு போட்டார். முந்தைய அதிபதிகள் ஜனங்களைச் சுமக்க வைத்தார்கள், "நானோ தேவனுக்குப் பயந்ததினால் இப்படிச் செய்யவில்லை" என்கிறார் (நெகேமியா 5:15). அவரிடம் வசதி இருந்தது. உங்கள் தம்பிக்கு இல்லாமல் இருக்கலாம். உரியதை வாங்கட்டும், அதில் பாவம் ஒன்றும் இல்லை.

பணத்தைவிடக் கஷ்டமான சோதனை தண்ணீரில் வரும். ஓவர்ஹெட் டேங்கிலிருந்து வால்வைத் திறந்தால் முதல் தெருக்களுக்குத் தண்ணீர் பீறிட்டு வரும். குழாயின் கடைசியில் இருக்கும் தெருவுக்குச் சொட்டும். அநேக ஊர்களில் அந்தக் கடைசித் தெரு காலனித் தெருவாகத்தான் இருக்கிறது. டேங்க் ஆபரேட்டர் எந்த வால்வை எத்தனை நேரம் திறக்கிறார் என்பதில்தான் ஊரின் அதிகாரம் இருக்கிறது. தேர்தலில் உழைத்த சபைத் தெருக்காரர்கள், நம்ம ஆள் தலைவர், நமக்கு முதலில் திற என்பார்கள். லேவியராகமம் 19:15 சிறியவனுக்கு முகதாட்சிணியம் காட்டாதே, பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சாதே என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. கடைசித் தெருவுக்குத் தனி லைன் இழுப்பது சலுகை இல்லை, அதுதான் நியாயம். அதற்காகச் சொந்தத் தெருவில் திட்டு வாங்கத் தயாரா என்று அவரிடம் இப்போதே கேளுங்கள். சபைக்குள்ளேயே தெரு பார்த்து உட்காரும் வழக்கம் உங்கள் ஊரில் மிச்சம் இருந்தால், இந்தக் கேள்வியை அங்கிருந்து ஆரம்பிப்பது நல்லது. திருச்சபையின் திருமண்டலத் தேர்தல்களில் சாதிக் கணக்கும் பணமும் எப்படிப் புழங்குகின்றன என்பதை நேரில் பார்த்தவர்கள் ஊராட்சித் தேர்தலைப் பார்த்துச் சாக்கடை என்று சொல்வதில் எனக்கு ஒரு சிரிப்பு உண்டு.

காகிதம் சரியாக இருந்தால் போதும் என்று யாராவது அவருக்குப் புத்தி சொல்வார்கள். நாபோத்தின் திராட்சத்தோட்டம் பறிபோன விதத்தை வாசிக்கச் சொல்லுங்கள் (1 இராஜாக்கள் 21). யேசபேல் ரவுடிகளை அனுப்பவில்லை. ராஜாவின் முத்திரை போட்ட கடிதம், ஊர் மூப்பர்கள் முன்னிலையில் விசாரணை, நியாயப்பிரமாணம் கேட்கிறபடி இரண்டு சாட்சிகள். ஃபைலில் ஓட்டையே இருந்திருக்காது. அரசியல் பொறுப்பில் இருப்பவர் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியது அந்த ஃபைலில் இல்லாத ஆளை.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் கேட்ட ஒன்று. ஓட்டுக்குக் காசு கொடுக்காமல் நின்றால் தோற்றுவிடுவாரே? தோற்கலாம். பக்கத்து வேட்பாளர் கொடுத்து, இவர் கொடுக்காவிட்டால், பல ஊர்களில் நடப்பது அதுதான். கொடுத்து ஜெயித்தால் போட்ட பணத்தை எம்-புக்கில்தான் எடுக்க வேண்டிவரும், வேறு வழியில்லை. தோற்றாலும் கிராம சபைக்குப் போக யார் அனுமதியும் தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லலாம், கடைசித் தெருக் குழாயைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம், எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். தனியாகப் போகாமல் வாலிபர் சங்கத்தில் நாலைந்து பேரையும், அந்தக் கடைசித் தெருவிலிருந்து நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு போகட்டும். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், அடுத்து வரும் கிராம சபைக்கே போகலாம்.